பெண்கள் உதைபந்தாட்டமும் நமது கரையும்

விளையாட்டுப் பக்கம் தயாரித்த இரவுகளில் என் கைக்கு வந்த செய்திகளுள் மிகச் சிறியது, பெரும்பாலும் இலங்கைப் பெண்கள் உதைபந்தாட்ட அணியைப் பற்றியதாகவே இருக்கும். எதிரணியின் பெயர், கோல் எண்ணிக்கை, அவ்வளவுதான். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்துவிட்டால் அந்த இரண்டு வரிகளும் பறந்துவிடும்.

அவ்வரிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தேன். தெற்காசியப் பெண்கள் சம்பியன் போட்டி 2010 இல் பங்களாதேஷின் கொக்ஸ் பஸாரில் ஆரம்பித்தது. 2024 வரை ஏழு தடவைகள் நடந்திருக்கிறது. 2012, 2014, 2019 ஆகிய ஆண்டுகளில் நமது அணி அரையிறுதி வரை வந்தது; அந்த ஏழில் ஓர் இறுதியாட்டத்தையேனும் எட்டவில்லை. 2014 இல் இந்தியாவிடம் 5–0, 2019 இல் நேபாளத்திடம் 4–0. பூட்டான்கூட 2022 இல் நம்மை 5–0 என வென்றது. அதன் சனத்தொகை எட்டு இலட்சம்தான். 2023 ஜனவரியில் சம்மேளன நிருவாகத்தில் வெளித்தலையீடு என்று கூறி பீபா இலங்கையைத் தடை செய்ய, ஓகஸ்ட் வரை சர்வதேச ஆட்டமே இல்லை. கதிரைச் சண்டை ஆண்களுடையது. பெண்களும் சேர்ந்தே தண்டனை அனுபவித்தார்கள்.

சிறிய தீவு, பணமில்லை என்று சமாதானம் சொல்வோர் ஜமெய்க்காவைப் பார்க்க வேண்டும். நமக்கு அது மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வழியாகவே பழக்கம். சனத்தொகை முப்பது இலட்சத்தையும் தொடாது. பணமில்லை என்று சம்மேளனம் கைவிட்டிருந்த பெண்கள் அணிக்காக 2014 இல் பாடகர் பொப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி நிதி திரட்டினார். 2019 இல் உலகக் கிண்ணத்துக்குச் சென்ற முதல் கரீபியப் பெண்கள் அணி அதுவே. மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பெற்ற கோல்கள் பன்னிரண்டு, போட்டது ஒன்று. நான்கு ஆண்டுகளின் பின்னர் அதே அணி பிரான்ஸையும் பிரேசிலையும் கோலின்றிச் சமன் செய்து, பனாமாவை 1–0 என வென்று, பிரேசிலை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த சுற்றில்தான் கொலம்பியாவிடம் 1–0 எனத் தோற்றது.

'அவர்களது சமூகம் வேறு' என்பார்கள் நம்மூர் நண்பர்கள். சரி, பங்களாதேஷ் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுதானே! மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்ற கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் பந்தை உதைக்கத் தொடங்கிய சிறுமியர் பலர் தேசிய அணிக்கு வந்தனர். 2022 இலும் 2024 இலும் தெற்காசியச் சம்பியன் பங்களாதேஷ்தான். உடை பற்றிய கேள்வியும் தீர்ந்துவிட்டது. 2011 இல் தலைமறைப்புக்காக ஈரானியப் பெண்களை ஆடவிடாத பீபா, 2014 இல் அதனை அனுமதித்தது. 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா தலையை மறைத்தே ஆடினார்.

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை மாலைநேரக் கடற்கரை முழுவதும் பந்துதான்; ஆடுவோர் அனைவரும் பையன்கள். வடக்கில் தெல்லிப்பளை மகாஜனாக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைச் சம்பியன்களாகிப் பெயர் பெற்றிருக்கிறார்கள். நமது பிள்ளைகளோ இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுவதோடு சரி. பதின்மூன்று, பதினான்கு வயதில் அதுவும் நின்றுவிடுகிறது.

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் கிழமைக்கு ஒரு மாலையைப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாமா என்று கழகக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "பழக்குறதுக்குப் பொம்புள டீச்சர்மார் இருந்தா யோசிக்கலாம்" என்றார். இரண்டு ஆசிரியைகளிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் தன் உம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.