எங்கள் வீட்டு ஹெரால்டு

இம்மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழ்த்துறைத் தலைவர் கேட்டபோது, 'சங்க இலக்கியத்தில் ஊர்திகள்' என்னும் தலைப்பில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். குறிப்பெடுக்க அமர்ந்த இரவில் புறநானூற்றின் 102ஆம் பாட்டைத் தாண்டி என்னால் செல்ல இயலவில்லை. ஆகவே அவரிடம் இசைவு பெற்று, எங்கள் வீட்டில் நின்ற ஒரு பழைய காரைப் பற்றி எழுதுகிறேன். மகிழுந்து என்று எழுதுவதே முறை என வகுப்பில் வற்புறுத்துபவன்தான் நான். ஆயினும் என் தந்தையார் அதைக் கார் என்றே சொன்னார். அவர் சொல்லை மாற்ற மனம் வரவில்லை.

இராஜபாளையத்தை அடுத்த சோழபுரம் எங்கள் ஊர். சத்திரப்பட்டிப் பக்கத்துத் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியை வாங்கி, மலையைக் கடந்து புனலூர், கொல்லம் ஊர்களின் மருந்துக் கடைகளுக்குக் கொடுத்து வருவது அப்பாவின் தொழில். அதற்கென 1979இல் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கினார்.

ஹெரால்டை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இத்தாலியரான மிக்கேலொட்டி வடிவமைத்து, 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்னும் பெயரோடு வெளிவந்த சிறிய கார் அது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதனைச் செய்தது. முன்மூடி முழுவதும், சக்கரங்களின் மேலுள்ள வளைவுகளோடு சேர்ந்து, முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மீதே அமர்ந்து இயந்திரத்தைப் பழுது பார்க்கலாம். குறுகிய தெருவிலும் ஒரே சுற்றில் திரும்பிவிடும். இத்தனை அழகுக்கும் உள்ளே இருந்த இயந்திரமோ 948 சி.சி. மட்டுமே. இங்கிலாந்தில் அதே காருக்கு 1147, பின்னர் 1296 எனப் பெரிய இயந்திரங்கள் வந்தன. நம் நாட்டில் கடைசி வரை 948தான்.

1983இல் எங்கள் இயந்திரம் எண்ணெய் குடிக்கத் தொடங்கிற்று. புளியரையை அடுத்த மலை வளைவுகளில் முதல் கியரிலும் திணறும். நான் இறங்கிப் பின்னால் நடந்து செல்வேன். 1977க்குப் பின் அவ்வகைக் கார்கள் வாராமையால் உதிரிப் பாகங்களும் அருகிவிட்டன. அப்போது நான் பட்டப் படிப்பில் இருந்தேன். 848 சி.சி.யோடு பிறந்த மினி என்னும் குட்டிக் காரில் பெரிய இயந்திரம் பொருத்தி, 1964இல் மான்டி கார்லோ பந்தயத்தையே வென்றார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். "நாமும் ஃபியட் இயந்திரத்தைப் போட்டுவிடலாம் அப்பா" என்று நாள்தோறும் சொல்லி அவரை வசப்படுத்தியவன் நானே. அம்மாவின் வளையல் இரண்டு போயின. அப்பா கொல்லம் மெயிலில் சென்னைக்குச் சென்று, புதுப்பேட்டையில் 1089 சி.சி. இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார்.

கூடுவது 141 சி.சி.தானே என்று எண்ணியிருந்தேன். அது பட்டறையில் பட்ட பாட்டைக் கண்ட பின்னரே ஒன்று விளங்கிற்று: ஓர் இயந்திரத்தை மாற்றுவது என்பது அதனைத் தொட்டு நிற்கும் ஒவ்வொன்றையும் மாற்றுவது. ஃபியட்டின் கியர்பெட்டியையும் சேர்த்து வைத்தால் கியர்க்கோல் ஸ்டீயரிங் தண்டுக்கு வரவேண்டும். ஹெரால்டுக்கோ அது தரையில். ஆகவே ஹெரால்டின் கியர்பெட்டியையே வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே கனத்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து இணைப்பது என்று மேஸ்திரி முடிவு செய்தார். இயந்திரத் தண்டின் மையமும் கியர்த்தண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பேரிங் அரைபட்டுப் போகும். இராஜபாளையத்தில் 1936 முதல் நூற்பாலைகள் உண்டு. ஆலைக் கடைசலில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் அத்தகட்டை மூன்று முறை கடைந்தார். முதல் இரண்டும் வீண். எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கவே, அதை வெட்டிப் பற்றவைத்தார்கள். ரேடியேட்டர் முன்தள்ளிப் போயிற்று. பதிவுப் புத்தகத்தில் இயந்திர எண்ணையும் முறையாக மாற்றி எழுதி வாங்கினோம். (உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.)

பிரேக்கைப் பற்றி மேஸ்திரி ஒருமுறை பேச்செடுத்தார். "நாலும் பழைய டிரம்மு அண்ணாச்சி, அதையும் பார்த்துக்கிட்டா நல்லது" என்றார். கையில் பணம் இல்லை. "அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார் அப்பா. நான் அருகில் இருந்தும் வாய் திறக்கவில்லை.

முதல் பயணத்தின் மகிழ்ச்சியை என்னென்பேன்! புளியரை வளைவுகளில் கார் இரண்டாம் கியரில் ஏறிற்று. அப்பா சீழ்க்கை அடித்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான். ஏற்றம் எளிதானதும், வழக்கமான ஆறு கட்டுகள் எட்டாயின, எட்டு பத்தாயின. பிழை 141 சி.சி.யில் இல்லை, அது எங்களுக்குக் கொடுத்த துணிச்சலில் இருந்தது.

மூன்றாம் மாதம், பள்ளி விடுமுறை ஆதலால் ஒன்பது வயதுத் தங்கையும் உடன் வந்தாள். பின்னிருக்கையில் துணிக்கட்டுகளின் மேல் அமர்ந்திருந்தாள். ஆரியங்காவு தாண்டி இறங்குகையில் கருகிய நாற்றம் எழுந்தது. கழுதுருட்டியில் இரயில் செல்லும் பதின்மூன்று கண் பாலம் தெரியத் தொடங்கிய இடத்தில், "தம்பி, பிரேக்கு கீழே போகுது" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. கியரைக் குறைத்தார், கைபிரேக்கை மெல்ல இழுத்தார், கடைசியில் இடப்பக்க மண்மேட்டில் காரைச் சாய்த்து உரசவிட்டு நிறுத்தினார். வலப்பக்கம் பள்ளம். தங்கை முன்னிருக்கையில் மோதி நெற்றி பிளந்தாள். கட்டு ஒன்றைக் கிழித்து, விற்கக் கொண்டுவந்த துணியாலேயே அப்பா அவளுக்குக் கட்டுப்போட்டார். அவர் கை நடுங்கியதை முதன்முறையாகப் பார்த்தேன்.

பல்லாண்டுகள் கழித்து நூலகத்தில் ட்ரையம்ஃப் கார்களைப் பற்றிப் படித்தேன். ஹெரால்டின் உடலிலேயே 1962இல் ஆறு சிலிண்டர் 1596 சி.சி. இயந்திரத்தை வைத்து விட்டெஸ் என்று விற்றிருக்கிறார்கள். ஆனால் இயந்திரத்தோடு சட்டத்தையும் வலுவாக்கி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கொடுத்திருக்கிறார்கள். 1966இல் 1998 சி.சி. ஆக்கியபின், 1968இல் பின்சக்கரத் தொங்கலமைப்பையும் திருத்தியிருக்கிறார்கள். நான் வியந்த மினி கூப்பருக்கும் 1961இலேயே முன்சக்கர டிஸ்க் பிரேக் உண்டு. நான் படித்த செய்தியில் அந்த வரி இல்லை. இருந்தும் என் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

102ஆம் பாட்டு அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வணிகர் வண்டி, பழகாத இளம் எருது, மிகுந்த பாரம், வழியில் மேடோ பள்ளமோ, யார் கண்டார்? அதனால் அவர்கள் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதனை முப்பது ஆண்டுகளாக உவமை நயம் என்றே நடத்தி வந்திருக்கிறேன்.

அந்தக் காரை அப்பா மறுமாதமே விற்றார். அதன்பின் துணிக்கட்டுகள் பேருந்திலும் இரயிலிலும் சென்றன. என்னை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைசலில் வீணான முதல் தகடு மட்டும் சோழபுரம் வீட்டில் இருக்கிறது. திருமண அழைப்பிதழ்கள் பறக்காமலிருக்க அம்மா அதை மேலே வைத்திருந்தார். சென்ற பொங்கலுக்கு வந்த தங்கை, அதைத் தூக்கிப் பார்த்து, "இது எந்த வண்டியோடது அண்ணே?" என்று கேட்டாள். நெற்றித் தழும்பை அவள் தலைமுடி மறைத்திருந்தது.