மூன்று பேர், ஒரு கனூ, ஐந்து நாள்: மினசோட்டா ஏரிகளில் மீன் தேடி ஒரு வசந்த காலப் பயணம்

"உனக்கு நீச்சல் தெரியுமா, தெரியாதா? உண்மையைச் சொல்லுடி."

ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை. மினியாபொலிஸிலிருந்து அக்காவின் வீடியோ கால். தெரியாது என்றேன். பக்கத்திலிருந்த மாமா (அக்காவின் கணவர்) சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மே மாதம் லீவுக்கு நான் அங்கே போவதாக முடிவாகியிருந்தது. அதில் ஐந்து நாளை ஏரியில் கழிக்கலாம் என்று திட்டம் போட்டவர் மாமா. கனூ என்ற ஒல்லியான துடுப்புப் படகில் போவது, கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது, ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிப்பது. படகில் நான் ஏறியதே முட்டுக்காட்டில் ஒரு தடவைதான்.

இடத்தின் பெயர் பவுண்டரி வாட்டர்ஸ். மினசோட்டா மாநிலத்தின் வட கோடியில், கனடா எல்லையை ஒட்டியிருக்கும் பாதுகாக்கப்பட்ட காடு. 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, 1,100-க்கும் அதிகமான ஏரிகள். உள்ளே சாலை கிடையாது, கடை கிடையாது. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுக்கும் அனுமதியில்லை. இது ஆதியில் ஓஜிப்வே பழங்குடியினரின் நிலம். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தோளில் சுமந்து போகும் நடைபாதைகள் பலவற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

ஜனவரியிலேயே ஏன்?

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, ஒவ்வொரு நுழைவிடத்திலும் ஒரு நாளைக்கு இத்தனை குழுதான் என்று கணக்கு உண்டு. அதற்கான பெர்மிட் முன்பதிவு ஜனவரி கடைசியில் ஆன்லைனில் திறக்கும். பெரியவர்களுக்கு ஆளுக்கு 16 டாலர் கட்டினோம். ஒரு குழுவில் அதிகபட்சம் ஒன்பது பேர், நான்கு படகு. எந்தத் தேதியில், எந்த இடத்தில் நுழைகிறோம் என்பதுதான் பெர்மிட்டில் இருக்கும். உள்ளே போனபின் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தங்குவதற்குக் குறித்த இடங்களில் மட்டும் தங்கலாம்.

தேதியில்தான் வீட்டில் சண்டை. ஏரிகளில் பனிக்கட்டி உருகுவதே ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில்தான். மாமா மே நடுவிலேயே போகத் துடித்தார். அக்கா மே கடைசி வாரம் என்றாள். காரணம், குளிர்ந்த நீர்.

அன்று அவள் சொன்ன ஒரு கணக்கை நான் மறக்கவே மாட்டேன். 1-10-1. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பிரபலப்படுத்தியது. ஜில்லென்ற நீரில் விழுந்தால், மூச்சிரைப்பை அடக்க ஒரு நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதெல்லாம் லைஃப் ஜாக்கெட் போட்டவருக்கு. போடாதவர் அந்த முதல் நிமிடத்திலேயே மூழ்கலாம், நீச்சல் தெரிந்திருந்தாலும்.

"படகுல இருக்கிற வரைக்கும் ஜாக்கெட்டைக் கழட்டக் கூடாது. போட்டோவுக்குக்கூட!" என்றாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்.

மீனுக்கும் ஒரு காலண்டர் உண்டு

மே கடைசிக்கு மாமா ஒத்துக்கொண்டதற்கு மீன்தான் காரணம். ஸ்மால்மவுத் பாஸ், பச்சை கலந்த வெண்கல நிறத்தில், உடம்பில் செங்குத்துக் கோடுகளோடு இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோதான். ஆனால், தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே எகிறிக் குதித்து ரகளை பண்ணும். நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆழத்திலிருந்து கரையோரப் பாறைகளுக்கு வரத் தொடங்கும். 15, 16 டிகிரியில் முட்டையிடத் தயாராகும்.

இதில் எனக்குப் பிடித்த கதாபாத்திரம் ஆண் மீன். சரளைக் கல்லில் வாலால் விசிறி வட்டமாக ஒரு கூடு அமைப்பது அதுதான். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுக்க ஆணுக்கு. குஞ்சு பொரித்த பிறகும் கொஞ்ச நாள் கூடவே இருக்கும். கூட்டின் அருகே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதனால் அதைப் பிடிப்பது ரொம்ப சுலபம். பிடித்து, போட்டோ எடுத்து, நல்லபடியாகவே விட்டாலும், அந்த இடைவெளியில் சின்ன மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடலாம்.

"அப்படின்னா கூட்டுல இருக்கிறதைப் பிடிக்கக் கூடாதுதானே மாமா?" என்று கேட்டேன்.

"அந்த ஏரிகளுக்கு இது சொந்த மீனே இல்லம்மா. மனுஷங்க கொண்டுவந்து விட்டது" என்றார். அதுவும் உண்மைதான். அங்கே பல ஏரிகளில் ஸ்மால்மவுத் பூர்வீகம் இல்லை. நானும் விடவில்லை. வாரம் வாரம் வீடியோ காலில் இந்த வழக்கு நடந்தது, தீர்ப்பு வரவில்லை.

பையில் என்ன?

டின்னும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே கொண்டுபோகத் தடை. அம்மா கொடுத்தனுப்பிய மாவடு பாட்டில் மினியாபொலிஸ் சமையலறையிலேயே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியது. புளிக்காய்ச்சல், ரவா உப்புமா மிக்ஸ், அவல், கடலை மிட்டாய். உணவுப் பையைக் கரடிக்கு எட்டாமல் 12 அடி உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத பெட்டி வேண்டும். நாங்கள் பெட்டியை வாடகைக்கு எடுத்தோம். மரத்தில் கயிறு வீசும் திறமை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

தூண்டில் பெட்டியிலிருந்த ஈயக் குண்டுகளை மாமாவே எடுத்துப் போட்டுவிட்டார். அறுந்து விழும் ஒரு சின்ன ஈயக் குண்டை விழுங்கினாலே லூன் பறவை செத்துப்போகும். மினசோட்டாவின் மாநிலப் பறவை அது. கொக்கிகளின் முள்ளையும் குறடால் நசுக்கிவிட்டார். மீனை விடுவிக்க அது வசதி. இவற்றோடு மீன்பிடி லைசென்ஸ், நீர் வடிகட்டி, தலையை மூடும் கொசுவலை. எங்கே இருப்போம், எப்போது திரும்புவோம் என்று எழுதிய தாளைப் பக்கத்து வீட்டில் கொடுத்தோம். உள்ளே போன் சிக்னலை நம்ப முடியாது.

நான் எதிர்த்தது ஒன்றே ஒன்றுதான். ஐந்து நாள் திட்டத்தில் நான்காம் நாளுக்கு நேராக அக்கா 'சும்மா' என்று எழுதியிருந்தாள். ஒரு நாளை வீணாக்குவானேன், அதில் டுலூத் நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாமே என்றேன். முடியாது என்றுவிட்டாள்.

தண்ணீரில்

மினியாபொலிஸிலிருந்து சுமார் நான்கு மணி நேரம் காரில் போனால் ஈலி என்ற சின்ன ஊர். அங்கே மூன்று பேர் உட்காரும் கனூவை வாடகைக்கு எடுத்தோம். ஃபால் லேக், நியூட்டன் லேக், அப்புறம் பாஸ்வுட் ஏரியின் பைப்ஸ்டோன் விரிகுடா. (பாஸ்வுட் என்பது மரத்தின் பெயர், மீனுக்குச் சம்பந்தமில்லை!) நடுவில் இரண்டு இடத்தில் அருவிகளைச் சுற்றிக் கால் மைல் அளவுக்குச் சுமை நடை. இருபது கிலோ சொச்சம் கனூவை மாமா தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். மூட்டைகளை நானும் அக்காவும் இரண்டு நடையாகச் சுமந்தோம். தோள் வலி ஒரு வாரம் இருந்தது.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அமர்க்களம். வெப்பமானியில் நீர் 14 டிகிரி. பாறை ஓரத்தில் முதல் மீனை நான்தான் பிடித்தேன். முழங்கை நீளம். கை நடுங்கிற்று. பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டோம்.

நான்காம் நாள் காலையில் கண் விழித்தால், விரிகுடா முழுக்க வெள்ளை நுரை அலை. கிளம்பலாமே, டுலூத்தையும் பார்த்துவிடலாம் என்று மறுபடி ஆரம்பித்தேன். கரையோரமாகவே போனால் முடியும் என்று மாமாவும் என் பக்கம் சேர்ந்தார். அக்கா அலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குத்தான் கிளம்பணும்னு தாள்ல எழுதியிருக்கு. யாரும் நம்மைத் தேட மாட்டாங்க. உட்காருங்க."

உட்கார்ந்தோம். மத்தியானம் அலை இன்னும் பெரிதானது. எங்கள் படகு அதில் எப்படியிருக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம், பத்து நிமிடம். டுலூத் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சாயங்காலம் காற்று அடங்கியது. கூடாரத்துக்குப் பின்னால், காற்று படாத ஒரு சின்னக் குடாவில் நீர் 16 டிகிரி காட்டியது. பாறை மேல் நின்று பார்த்தால், இடுப்பளவு ஆழத்தில், கழுவி வைத்த தாம்பாளம் மாதிரி ஒரு வட்டச் சரளை. அதன் மேல் ஒரு மீன், அசையாமல். நான்கு நாளில் நாங்கள் பார்த்ததிலேயே பெரியது. குட்டி மீன் ஒன்று பக்கத்தில் வந்ததும் துரத்தியது, திரும்பி அதே இடத்தில் வந்து நின்றது.

மாமா கையில் தூண்டில் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொக்கியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, "நீ போட்டோ எடுத்துக்கோ" என்றார். நீரில் வானம் பிரதிபலித்ததால், போட்டோவில் மீனே தெரியவில்லை.

அன்று ராத்திரி புளியோதரையும் மாவடுவும்.