அப்பாவும் கண்ணாடிக் குடிலும்

அப்பா அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு திருவதிகை வீட்டுக்குக் குடிபோகிறோம். அவருக்குக் கவலையெல்லாம் தோட்டத்தைப் பற்றித்தான். இருபது வருடம் தண்ணீர் ஊற்றிய மரங்களைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்?

அந்த வருத்தத்துக்கு அவரே கண்டுபிடித்த மருந்து, கொல்லைப்புறத்தில் ஒரு கண்ணாடிப் பசுமைக்குடில். வருடம் முழுக்கத் தக்காளி பறிக்கலாமாம். விலை இரண்டே கால் லட்சம். ரிட்டயர்மென்ட் பணத்தில் கை வைக்கிற விஷயம் என்பதால் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

கண்ணாடிக் குடில் வெயிலை உள்ளே விட்டு சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். ஹாலந்து, இங்கிலாந்துக் குளிருக்கு அது வரம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நம்ம ஊரில் அது அடுப்பு. 35 டிகிரி தாண்டினாலே தக்காளிப் பூ உதிர ஆரம்பித்துவிடும். ஊட்டியிலும் ஓசூரிலும் குடில் போட்டுப் பூ வளர்க்கிறார்களே என்றால், அங்கே உயரமும் குளிர்ச்சியும் துணை. ஃபேன் வைத்து, ஈரத்தட்டி வழியாகக் காற்றை இழுத்துக் குளிர வைக்கலாம். ஆனால் அது வறண்ட காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். நமக்குக் கடலூர்க் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. மே மாத மதியம் கரண்ட் போனால் செடி வெந்துவிடும்.

அப்புறம் தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பலாமரமே நிற்காத காற்றில் கண்ணாடி நிற்குமா?

நான் சொன்ன மாற்று இதுதான். கான்கிரீட்டில் ஊன்றிய ஜி.ஐ. பைப், பத்தடிக்கு மேல் உயரம், மேலே 50 சதவீத நிழல்வலை. புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மேலே பாலிதீன் ஷீட். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பாகலுக்கும் புடலைக்கும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சி வராவிட்டால் காய் இல்லை. கோடையில் உள்ளே கீரையும் நாற்றும், வெளியே வெண்டையும் கத்திரியும். வருடம் முழுக்க விளைச்சல் என்றால் வருடம் முழுக்கத் தக்காளி என்று அர்த்தமில்லையே!

"திலகவதியார் நந்தவனம் வச்ச ஊருங்க அது. அவங்க என்ன கண்ணாடியா போட்டாங்க?" என்றார் அம்மா.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. நேற்று சாயங்காலம் பார்த்தால், கறிவேப்பிலை மரத்தடியில் உட்கார்ந்து பக்கக்கன்றுகளைப் பிரித்துப் பால் கவரில் நட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வலை மீட்டர் என்ன விலைடா?" என்றார், தலையை நிமிர்த்தாமலே.