ஏழரை

காசு குடுத்து ஒரு ரூமுக்குள்ள போய் மாட்டிக்கணும், அப்புறம் அறுபது நிமிஷத்துல வெளிய வரணும். இதுக்குப் பேர் எஸ்கேப் ரூம். போன்ல சொன்னப்ப அம்மா கேட்டாங்க, "நம்ம வீட்டு ஸ்டோர் ரூம்ல நான் சும்மாவே பூட்டி விட்டிருப்பேனேடா?"

மியூனிக்ல ஒன்றரை வருஷமா ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கேன். போன அக்டோபர்ல டீம்ல இருக்கற இங்கிலாந்துக்காரன், அவன் மனைவி, நான் மூணு பேரும் ரயிலேறி புடாபெஸ்ட் போனோம். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். இந்தக் கிறுக்கு புடிச்சவங்களுக்கு அந்த ஊர் பழனி மாதிரி. 2007ல ஜப்பான்ல கியோட்டோவுல தகாவோ கத்தோ ஆரம்பிச்சு வெச்ச விளையாட்டு இது. ஐரோப்பாவுல 2011ல புடாபெஸ்ட்ல 'பாராபார்க்' திறந்தப்புறம்தான் சூடு புடிச்சது. பழைய கட்டடங்க, அதுக்கடியில சும்மா கிடந்த நிலவறைங்க. வேற என்ன வேணும்?

நாங்க போனது வேற ஒரு இடம். பேர் எதுக்கு, சொதப்பினது நான்தானே. பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் மாதிரி செட் போட்டிருந்தாங்க. ஹங்கேரியன் தெரிய வேண்டாம், இங்கிலீஷ் போதும்னு ஆட்டம் நடத்துற பொண்ணு சொல்லிச்சு. இங்கிலீஷ் போதுமாம்!

நான் பி.இ. வரைக்கும் இங்கிலீஷ்லதான் படிச்சேன், தினமும் மூணு கால் பேசறேன். ஆனா சுவத்துல கடிகாரம் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டுன்னு ஓட ஆரம்பிச்சதும் மண்டைக்குள்ள தமிழ் மட்டும்தான் ஓடுது. அது கம்பைல் ஆகி வாய் வழியா வர்றதுக்குள்ள பக்கத்துல இருக்கறவன் அடுத்த புதிருக்குப் போயிடறான்.

மேஜைக்கு அடியில சின்னதா ஒரு தாழ்ப்பாள். முதல்ல பார்த்தது நான்தான். தாழ்ப்பாளுக்கு இங்கிலீஷ்ல என்ன? வரலை. "லாக்! லாக்!"னு கத்தினேன். ரெண்டு பேரும் கதவுல தொங்கின பூட்டுகிட்ட ஓடினாங்க. நான் கையைக் காட்டிக்கிட்டு நின்னது அவங்க முதுகுக்குப் பின்னாடி. மூணு நிமிஷம் போச்சு. "நோ ஒர்ரீஸ் மேட்"னு தோள்ல தட்டினான். நல்லவன்தான். ஆனா அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கலை. (லாட்ச்! ராத்திரி பல் விளக்கும்போது ஞாபகம் வந்தது.)

கடைசியா ஒரு பெட்டி, அதுல நாலு இலக்கப் பூட்டு. ரயில் வர்ற நேரத்தைப் போட்டா திறக்கும். கரும்பலகையில ஹங்கேரியன்ல 'ஃபேல் ந்யோல்ட்ஸ்'னு எழுதியிருந்தது. பக்கத்துல அர்த்தம் சொல்ற அட்டை: ஃபேல்னா அரை, ந்யோல்ட்ஸ்னா எட்டு. அவன் பளிச்சுனு "ஹாஃப் எயிட்"னு சொல்லி 0830 போட்டான். அவங்க ஊர்ல அப்படிச் சொன்னா எட்டரைதான்.

திறக்கலை.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். மியூனிக் போன புதுசுல பக்கத்து வீட்டுப் பாட்டி சாப்பிடக் கூப்பிட்டாங்க. 'ஹால்ப் ஆக்ட்'னு சொன்னாங்க. அரை, எட்டு. நான் எட்டரைக்குப் பூங்கொத்தோட போய் நின்னேன். சூப் ஆறி, பாட்டி முகமும் ஆறிப் போயிருந்தது. ஜெர்மன்ல அதுக்கு அர்த்தம் எட்டுல பாதி வந்தாச்சுன்னு. அதாவது ஏழரை.

ஹங்கேரியன்லயும் அப்படித்தான் இருக்கணும்னு எனக்குத் தோணிடுச்சு. தோணினது என்ன, தெரிஞ்சே போச்சு. கடிகாரத்துல பதினோரு நிமிஷம் பாக்கி. ஏழரை, ஏழரைன்னு உள்ள அடிச்சுக்குது. ஆனா சொல்றது யாருக்கு எதிரா? இங்கிலீஷ் தாய்மொழிக்காரனுக்கு எதிரா. அவன் பூட்டைக் கீழ விட்டுட்டு, "இது வேற எதுக்கோ உள்ள க்ளூ"ன்னு அட்டையைத் தூக்கி மேஜையில போட்டுட்டு, அலமாரியைக் குடைய ஆரம்பிச்சான். அவன் மனைவி தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தாங்க. நான் ஜன்னல் திரைச்சீலையைத் தடவிக்கிட்டு, தேடற மாதிரி நின்னேன். பெட்டி என்னிலிருந்து நாலடி. குனிஞ்சு நாலு சக்கரத்தைத் திருப்பினா முடிஞ்சது, வாயே திறக்க வேண்டாம். அதையும் செய்யலை. மறுபடியும் தப்பாப் போய், மறுபடியும் தோள்ல தட்டினா?

மணி அடிச்சது.

அந்தப் பொண்ணு உள்ள வந்து 0730 போட்டுத் திறந்து காட்டிச்சு. எங்க ஊர்ல நேரம் அப்படித்தான் சொல்வோம்னு சிரிச்சது. (ஏழரை! நமக்கு வேற எந்த நம்பர் வரும், சொல்லுங்க.)

"அட, ஜெர்மன் மாதிரியே! மியூனிக்ல இருந்துக்கிட்டு எனக்கு எப்படித் தோணாமப் போச்சு"ன்னு அவன் தலையில அடிச்சுக்கிட்டான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்குத் தோணுச்சா?"ன்னு கேட்டான்.

"இல்லையே"ன்னேன்.

தோத்தவங்களுக்கும் போட்டோ உண்டாம். 'கிட்டத்தட்ட'ன்னு இங்கிலீஷ்ல எழுதின பலகையை என் கையில குடுத்து நிக்க வெச்சாங்க. நல்லாத்தான் சிரிச்சிருக்கேன்.