ஷிப்ட் வரிசையை மாற்றச் சொல்லிக் கேள்

சிதம்பரம்

அன்புள்ள ரவி,

 

நேற்று சித்ரா போன் பண்ணினாள். "பகல்ல தூங்கவே மாட்டேங்கறாருக்கா, தூங்கி எழுந்தாலும் எரிஞ்சு விழறாரு" என்றாள். அவளிடம் கோபப்படாதே, பயந்துபோய்த்தான் சொன்னாள்.

தீபாவளிக்கு நைட் ஷிப்ட் முடித்த கையோடு பஸ் ஏறி வந்தாயே, அன்று உனக்கு இ.சி.ஜி. எடுத்தேன். டாக்டர் நார்மல் என்றார், நார்மல்தான். ஆனாலும் தினம் இந்தத் தாளையே பார்க்கிறவள் என்பதால் கட்டங்களை எண்ணினேன். ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. 20 கட்டத்துக்கு ஒரு துடிப்பென்றால் நிமிடத்துக்கு 75. நன்றாக ஓய்வெடுத்த உடம்பில் அந்த 20 அப்படியே நிற்காது. மூச்சை இழுக்கையில் 18, விடுகையில் 22 என்று கூடிக் குறையும். இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று அர்த்தம். இதயத் துடிப்பு மாறுபாடு என்பது இதுதான். உன் தாளில் 20, 20, 19, 20. ஒரு தாளை வைத்து முடிவு கட்ட முடியாது. வெறும் வயிற்றில் குடித்த டீ, பஸ் அலுப்பு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் நைட் டியூட்டிக்காரர்களுக்கு ஹோல்டர் என்ற இ.சி.ஜி. பதிவுக் கருவியை மாட்டி 24 மணி நேரம் அளந்த ஆய்வுகள் பலவற்றில் இந்த மாறுபாடு குறைந்திருக்கிறது. அதனால்தான் எனக்குக் கவலை.

தூக்கம் ஏன் வரவில்லை தெரியுமா? மூளைக்குள் சுமார் 20,000 செல்கள் சேர்ந்து ஒரு கடிகாரம் ஓட்டுகின்றன. கண்ணில் படும் வெளிச்சம்தான் அதற்கு முக்கியமாக நேரம் சொல்கிறது. ராத்தூக்கத்தில் ரத்த அழுத்தம் நூற்றுக்குப் பத்து, இருபது இறங்கும். இதயத்துக்கு அதுதான் ஓய்வு. நீ காலை 7 மணிக்குப் படுக்கும்போது அந்தக் கடிகாரம் கார்ட்டிசாலை ஏற்றி, எழுந்திரு என்கிறது. தூக்கம் வராதது உன் குற்றமே இல்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். உடம்பின் நேரக்கணக்கை ஆராய்ந்தவர். ஜன்னலும் கடிகாரமும் இல்லாத அறையில் ஆட்களைத் தங்கவைத்துக்கூடப் பார்த்திருக்கிறார். அவரும் உடனிருந்தவர்களும் 1981-ல் வெளியிட்ட ஒரு சோதனை என் மனதை விட்டுப் போகவில்லை. வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். மற்ற வௌவால்கள் சாயங்காலம் பறந்து போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தவரை, கூண்டில் இருந்ததும் அவற்றோடு நேரம் தவறாமல் நடந்துகொண்டது. கூட்டம் இல்லாத குகையில் அதன் நாள் கணக்கு நகர்ந்துபோய்விட்டது. கூட இருப்பவர்களின் போக்குவரத்தே அதற்குக் கடிகாரம். உன் வீட்டில் எல்லாரும் பகலில் நடமாட, நீ மட்டும் படுத்திருக்கிறாய். அதனால் சித்ராவிடம் சொல்லிவிட்டேன்: நைட் ஷிப்ட் வாரத்தில் நீ எழுந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தினமும் ஒரே நேரத்துக்கு.

நைட் முடிந்து குடிகாடு ஃபாக்டரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவரைக்கும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. விடியற்காலை 3 மணிக்கு மேல் டீ வேண்டாம். நெஞ்சில் பாரமாக இருந்தால் கேஸ் என்று சொல்லிச் சோடா குடிக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

இதையெல்லாம்விட முக்கியம் ஷிப்ட் வரிசை. உங்களுக்கு நைட், அப்புறம் மதிய ஷிப்டான பி, அப்புறம் காலை ஷிப்டான ஏ என்று பின்னோக்கிச் சுற்றுகிறது. பெரும்பாலானவர்களின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமான சுற்றில் ஓடுகிறது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப் போடுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். ஏ, பி, நைட் என்று சுற்றினால் ஆட்களும் அதே, வேலை நேரமும் அதே. லீவை நம்பியிருக்க முடியாது. 1948 தொழிற்சாலைச் சட்டம் நைட் ஷிப்டுக்காரனுக்கு ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாள் லீவாகக் கணக்கிட்டது. அந்தப் பகல் தூக்கத்திலேயே போய்விடும், உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப அது போதாது. யூனியன் கூட்டத்தில் வரிசையைப் பற்றிப் பேசு. தனியாகப் பேசாதே, நைட் பார்க்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொள்.

அடுத்த மாத ஷிப்ட் லிஸ்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. எந்த வாரம் ஹோல்டர் மாட்டலாம் என்று டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா