ஆண்டு முழுக்கச் சுற்றுலா வரட்டும், நிலம் யார் பெயரில்?

தமிழ்நாட்டில் ஒரு மலைக்குச் சாலை போட்டு, பூங்கா வைத்து, நாலு படகு விட்டுவிட்டால் போதும், 'ஏழைகளின் ஊட்டி' என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஏற்காட்டுக்கு அப்படித்தான் பெயர் வந்தது. இதில் ஏழை என்று சொல்லப்படுகிறவர் கீழேயிருந்து காரிலோ பைக்கிலோ ஏறிப் போகிறவர். மேலேயே பிறந்து, சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற மலையாளிப் பழங்குடிக்கு அந்தப் பெயரில்கூட இடமில்லை.

இப்போது கல்வராயன் மலையின் முறை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறினால் வெள்ளிமலை, கரியாலூர். கரியாலூரில் படகுத் துறையும் பூங்காவும் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் மேகம் அருவி, பெரியார் அருவி. கோடை விழா நடக்கும்போது பூக்களால் உருவங்கள் செய்துவைத்து, மேடை போட்டு, அமைச்சர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். விழா நாட்களோடு கூட்டம் நின்றுவிடக் கூடாது, ஆண்டின் பன்னிரண்டு மாதமும் ஆட்கள் வரும் இடமாக மலையை மாற்ற வேண்டும், விடுதிகள் வர வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் சுற்றுலாவை எதிர்ப்பவர்கள் அல்ல. வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு ஊரிலேயே பிழைப்பு கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

சமவெளிச் சேரிக்காரர்களான உங்களுக்கு மலையில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். அந்தச் சாவுக்குப் பிறகு எல்லோருடைய விரலும் மலையைக் காட்டியது. கல்வராயன் மலை என்றால் சாராயம், மலைக்காரன் என்றால் ஊறல் போடுகிறவன் என்றார்கள். சேரியில் செத்தவனைக் குடிகாரன் என்றார்கள். இரண்டு பேரையும் ஒரே வாய்தான் ஏசியது. அதனால் மலையைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறோம்.

அதே 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கெடுத்தது. அப்போதுதான் பல தமிழர்களுக்கு இந்த மலையின் வரலாறே தெரியவந்தது. சடையகவுண்டன், குறும்பகவுண்டன், ஆரியகவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். விஜயநகர மன்னர் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டு அந்தக் குடும்பங்கள் மலையையே சொத்தாக வைத்திருந்தன. மக்கள் வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாத உழைப்பும் கொடுத்தார்கள். நாடு சுதந்திரம் பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் ஜாகிர் ஆட்சி முடிந்து மலை அரசின் கைக்கு வந்தது. சரி, ஜாகிர்தார் போனார். நிலம் யாரிடம் வந்தது? உழுதவனிடம் முழுதாக வரவில்லை. பெரும்பகுதி வனத்துறையின் வரைபடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மலைக்குப் போகும் எங்கள் தோழர்களிடம், படகுத் துறைக்குப் போகும் வழியில் கடுக்காயும் தேனும் விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா சொன்னதை இங்கே எழுத வேண்டும். படகில் போயிருக்கிறீர்களா என்று சும்மாதான் கேட்டோம். "எனக்கெதுக்குத் தம்பி படகு? டிக்கெட்டுக் காசுக்கு நான் எத்தன கடுக்கா விக்கணும்?" என்று சிரித்தார். பிறகு அவரே நிலத்தைப் பற்றிச் சொன்னார். "பாட்டன் காலத்துலேர்ந்து உழுவுறோம். பட்டா மட்டும் இல்ல. கெழங்கு போட்டா ஃபாரஸ்டு எடம்ங்கறாங்க. இதே எடத்துல நாளைக்கு ஓட்டல் கட்டுனா அப்பவும் ஃபாரஸ்டு எடம்னு சொல்லுவாங்களா?"

அவர் சட்டப் புத்தகம் படித்தவர் அல்ல. ஆனால் கேட்டது அசல் சட்டக் கேள்வி. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். காட்டு நிலத்தை வனம் சாராத வேலைக்குப் பயன்படுத்த வேண்டுமானால் ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உயிர். திருத்தத்துக்குப் பிறகு, வனத்துறையின் செயல்திட்டத்தில் இடம்பெற்ற 'சூழல் சுற்றுலா' வசதிகள் வனம் சாராத வேலை ஆகாது. உயிரியல் பூங்காவும் சஃபாரியும்கூட அந்த விலக்குக்குள் வந்துவிட்டன. சுற்றுலாக் குடில் காட்டுக்குப் பொருந்தும், மரவள்ளிக் கொல்லை பொருந்தாது. அக்காவின் கேள்விக்கு அரசு ஏற்கனவே பதில் எழுதி வைத்திருக்கிறது.

இன்னொரு சட்டம் இருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம். பரம்பரையாகக் காட்டில் வாழ்ந்து உழுகிறவர்களின் உரிமையை ஏற்று, அதைப் பதிவுசெய்து பட்டா தர வேண்டும் என்று சொல்லும் சட்டம். தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்காலத் தடையின் பேரால் 2008 முதல் 2016 வரை பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. தடை நீங்கிய பிறகும் வேலை நத்தை வேகம்தான். அந்தச் சட்டத்தின் 3(2) பிரிவை எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேசன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு கொடுக்கலாம் என்கிறது அது. அந்த 13-இல் சாலை இருக்கிறது. படகுத் துறை இல்லை, விடுதி இல்லை.

நடப்பதோ தலைகீழ். அருவிக்குச் சாலை வருகிறது. அருவியைத் தாண்டியிருக்கும் குக்கிராமத்துக்குச் சாலை கேட்டால் 'காடு' என்ற ஒற்றைச் சொல்லில் கோப்பு மூடப்படுகிறது. பிரசவ வலி வந்தவரை டோலி கட்டித் தூக்கி வருகிற செய்தி தமிழ்நாட்டு மலைகளிலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சுற்றுலா வந்தால் மலைமக்களுக்கு வருமானம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வீட்டில் இரண்டு அறை கட்டி விருந்தினரைத் தங்கவைக்க நினைத்தால், உரிமத்துக்கு நில ஆவணம் கேட்பார்கள். கடனுக்கு வங்கியிலும் அதையே கேட்பார்கள். பட்டா இல்லாதவரின் கனவு அந்த இடத்தில் நின்றுவிடும். கீழேயிருந்து பணத்தோடு வருகிறவர் மலையில் பட்டா உள்ள ஓரிரு நிலத்தைத் தேடிப் பிடித்து, பவர் வாங்கி, வேலி போட்டுவிடுவார். நிலம் கொடுத்தவர் அதே வேலிக்குள் தோட்ட வேலைக்குப் போவார். இது கற்பனை அல்ல. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பி கொண்டுவந்தார். அந்த மலையும் மலையாளிகளின் மலைதான். இன்று அங்கே எஸ்டேட்டுகளிலும் ரிசார்ட்டுகளிலும் கூலிக்கு நிற்பவர்கள் யார் என்று பார்த்தால் தெரியும். ஏலகிரியில் நிலம் கைமாறிய கதையும் ஊரறிந்தது.

தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. அதனால் பழங்குடிப் பகுதி கிராம சபைகளுக்கு அதிகாரம் தந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. சமூக நீதியின் தொட்டில் என்று மார்தட்டுகிற மாநிலத்தின் நிலை இது.

ஆண்டு முழுக்கச் சுற்றுலா என்றதும் சுவிட்சர்லாந்தைக் காட்டுவார்கள். காட்டட்டும். அங்கே செர்மாட் என்ற மலைக்கிராமத்தில் கோடையிலும் பனிச்சறுக்கு உண்டு, உலகமே போகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் சைலர் என்பவர் அங்கே வந்து ஓட்டல்கள் நடத்தி ஊரைப் புகழ்பெறச் செய்தார். அவர் 1871-இல் ஊர்க்குடி உரிமை கேட்டார். ஊரார் மறுத்தார்கள். கொடுத்தால் பொதுக்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பங்கு கொடுக்க வேண்டும் அல்லவா? 1889 வரை இழுத்து, மேலிருந்து கட்டாயப்படுத்திய பிறகுதான் விட்டார்கள். இன்றும் அந்த ஊர்க்குடிகளின் சபை அங்குள்ள கம்பிவட ரயில் நிறுவனத்தின் பெரிய பங்குதாரர், ஓட்டல்களும் அதன் சொத்தில் உண்டு. நாங்கள் அந்தச் சபைக்கு மாலை போடவில்லை. பிறப்பை வைத்து உள்ளே, வெளியே என்று கோடு போடுவது எவ்வளவு கேவலமானது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சுவிட்சர்லாந்தைப் போல என்று பேசுகிறவர்கள் பனியை மட்டும் பார்க்கிறார்கள். பனிக்குக் கீழே இருந்த நிலம் ஊரார் பெயரில் இருந்தது.

பட்டா கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் எங்கள் முன்னோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். மற்றவருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் நிலம் எங்கே போயிற்று? 1994-இல் காரணை நிலத்தைக் கேட்டுப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். தாளில் இருக்கும் நிபந்தனையைக் காக்க ஊரில் ஆள் வேண்டும், சபை வேண்டும் என்பதை இரண்டு உயிர் கொடுத்துக் கற்றோம். மலைமக்கள் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் தனிப்பட்டாவோடு நிறுத்தாமல், சமூக வன உரிமையையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறோம். காட்டைக் காத்துப் பராமரிக்கும் உரிமை கிராம சபையின் பெயரில் வந்தால், ஒருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி மலையை எடுத்துக்கொள்ள முடியாது. அருவியில் வசூலாகும் கட்டணத்தில் ஊருக்குப் பங்கு என்று பேசுவதற்கும் அப்போது ஒரு பிடி கிடைக்கும்.

கோடை விழாப் பந்தல் எழுவதற்கு முன்னால் மே 1 கிராம சபை வருகிறது. வன உரிமை மனுக்களின் நிலை என்ன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, நிராகரித்ததற்குக் காரணம் எழுத்தில் தரப்பட்டதா, குக்கிராமங்களுக்கு 3(2)-இன்படி சாலை கேட்டுப் பரிந்துரை போயிருக்கிறதா, புதிய சுற்றுலாக் கட்டடங்களுக்குச் சபையின் ஒப்புதல் வாங்கப்பட்டதா என்று ஐந்து கேள்விகளுடன் ஒரு மாதிரித் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டே பக்கம். வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டுப் பக்கத்துத் தோழர்கள் சொல்லி அனுப்பினால் நேரில் கொண்டுவந்து, உட்கார்ந்து வாசித்தே தருகிறோம்.