மலை ஏறும் மின்கார்

கேமரன் மலைக்கு மின்காரில் போனால் பாதி வழியில் நின்றுவிடாதா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தைரியமாகப் போகலாம். திரையில் காட்டும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அது நீங்கள் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த கணக்கு.

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். உயரம்தான் விஷயம். ஆட்களோடு 1,900 கிலோ வரும் காரை 1,400 மீட்டர் தூக்க மட்டுமே சுமார் 7 யூனிட் மின்சாரம் வேண்டும். சமதரையில் அது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடப் போதும்! ஆகவே ஏறுவதற்கு 100, 110 கிலோமீட்டருக்கான சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போனபின் கவலை குறைவு. நம் முன்னோர் கொழுந்து பறித்த சுங்கை பாலாஸ் சரிவுகளுக்குப் போகும் குறுகிய சாலையில், விடுமுறை நெரிசலில் நின்றாலும் மோட்டார் மின்சாரம் குடிக்காது. அந்தக் குளிரில் ஏர்கோனும் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இறக்கம். பெட்ரோல் கார் பிரேக்கில் சூடாக்கி வீணடிக்கும் ஆற்றலை மின்கார் பேட்டரிக்குத் திருப்புகிறது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணைத் தண்ணீரும் கீழே இறங்கித்தானே மின்சாரமாகிறது, அதே இயற்பியல். ஏற்றத்தில் கொடுத்ததில் ஒரு பகுதி திரும்பிவிடும்.

இரவு தங்குபவர்கள் மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றாதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. வளைவு முழுக்க பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும். 80 போதும்.